வளையங்களின் மேல் விழுந்த நிழல்

திரையின் அடியில் அந்தப் பச்சைப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதற்கு மினுங்கும் வேலையே கிடையாது. வளையக் கோளைச் சுற்றிவரும் விண்கலம் சூரியனுக்கு மறுபுறம் போய், படம் அனுப்புவதை நிறுத்தி ஒரு வாரமாகிறது. படம் வந்தால்தான் ப்ரோக்ராம் அதன் தூசியைக் கழுவும். கழுவினால்தான் புள்ளி எரியும். இப்போது எதைக் கழுவுகிறது?

அலுவலகத்தில் எல்லோரும் ‘சலவை அறை’ என்று கிண்டல் செய்யும் அறை அது. அத்தனை தூரத்திலிருந்து வரும் படங்கள் தூசிப் புள்ளியும் கீறலுமாகத்தான் வந்து சேரும். அவற்றைத் துடைத்து, ஊர் உலகம் பார்க்கும்படி அனுப்பிவைப்பது அவள் வேலை. திரையில் நிறம் பிசகக் கூடாதென்று ஜன்னல்களுக்குத் தடித்த கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். வெளியே மாலை வெயில் பல்லைக் காட்டினாலும் உள்ளே கும்மிருட்டும், ஏசியின் விடாத முனகலும், சூடேறிய ஒயரின் வாடையும்தான். குழந்தைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. அதனால் பள்ளி விட்டதும் அவள் மகள் குட்டி வெளியே வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள். வராண்டா கேமராவின் படம் பக்கத்துத் திரையில் ஓடும். பெற்ற மனசு, வேலைக்கு நடுவே ஒரு கண் அதன் மேலேயே இருக்கும். இன்றும் குட்டி காலை ஆட்டிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் மாடியில் கூட்டத்தில் இருந்தார்கள்.

பழைய படங்களையே திரும்பக் கழுவுகிறதோ என்னவோ என்று, அவள் கழுவுவதற்கு முந்தைய படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சீப்பால் வாரிவிட்டது போன்ற வளையங்கள். அம்மைத் தழும்பு விழுந்த பனி நிலா ஒன்று. உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாக இன்னொன்று. வெயில் சாய்ந்து விழும் பருவம் அங்கே. ஒவ்வொரு நிலாவும் வளையத்தின் மேல் ஊசி ஊசியாக நீளமான நிழலைப் போட்டிருந்தது.

கூடவே, படத்தின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு கறுப்புக் கீற்று.

அவளுக்கு அது புதிதல்ல. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் அது வானத்துடையது அல்ல, கேமராவின் அழுக்கு. இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வதே இதுதான். அதனால்தான் எப்போதோ ஒருநாள், அதை எங்கே கண்டாலும் துடைத்துவிடு என்று ப்ரோக்ராமுக்குப் பழக்கிவிட்டு அத்தோடு மறந்துபோனாள்.

இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். கீற்று வளையத்தின் மேல் கிடந்தது. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி வந்த இடத்தில் அறுந்து, அடுத்த வளையத்தில் மறுபடி தொடங்கியது. கண்ணாடியில் ஒட்டிய அழுக்குக்கு இடைவெளி எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

அழுக்கு இல்லை. நிழல்.

மற்ற நிழல்களுக்கெல்லாம் ஒரு நிலா இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. கீழ் விளிம்பிலிருந்து வருகிறதென்றால், நிழலுக்கு உரியது கேமராவின் முதுகுப் பக்கம் நிற்கிறது. விண்கலத்தின் நிழலோ? ஒரு பஸ் அளவு இருக்கும் அது. அவ்வளவு தூரத்தில் அதன் நிழல் ஒரு புள்ளியாகக்கூட விழாது. நுனியைப் பெரிதாக்கினாள். அது பிரிந்து பிரிந்து போயிருந்தது. விரல்கள். ஒவ்வொரு விரலிலும் மூட்டுகள் இருக்க வேண்டியதைவிட அதிகம்.

போன வாரம் கடைசியாக வந்த படங்களில், கழுவாமலே, அது இல்லை. வளையம் துடைத்துவிட்டது போலிருந்தது. அவளுக்கு நிம்மதியே வரவில்லை. போயிருந்தால், எங்கே போனது?

ப்ரோக்ராமைப் பார்த்துக்கொள்ளும் சீனியருக்குப் போன் போட்டாள். எதையும் புதிதாக வாங்கவிடாத மனிதர். ‘சிக்கனம்’ என்றால்தான் ஆபீசில் அவரைத் தெரியும்.

“அண்ணா, நம்ம ப்ரோக்ராம் எங்கயோ ஓடிட்டு இருக்கு. நீங்க ஏதாவது பண்ணீங்களா?”

“அதுவா?” கூட்டத்துக்கு நடுவில் குரலைத் தாழ்த்தினார். “வராண்டா கேமராவுக்கும் அதையே மாட்டி விட்டேம்மா. கண்ணாடியில ஒரே தூசி. புது கேமராவா வாங்கித் தரப்போறாங்க?”

“எப்போ?”

“போன வாரம். பளிச்சுனு தெரியுதா இல்லையா? சரி, மேனேஜர் முறைக்கிறார். வெச்சிடறேன்.”

பக்கத்துத் திரையில் வராண்டா பளிச்சென்றுதான் இருந்தது. தரை கண்ணாடி மாதிரி. பெஞ்சில் குட்டி. வேறு யாரும் இல்லை. தூசியைக் கழுவுவதென்றால் புள்ளி ஒரே சீராக எரிய வேண்டும். இது விட்டுவிட்டு எரிந்தது. யாரோ அடிமேல் அடி வைத்து நடக்கிற மாதிரி.

கழுவலை நிறுத்தும் பொத்தான் மேல் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

தூசி தெரிந்தது. ஒரு கீறல். பிறகு, அது.

படத்தின் கீழ் விளிம்பிலிருந்து. தரை நெடுக. பெஞ்சு வரை. அந்தக் கேமரா சுவரோடு அறைந்து மாட்டியது. அதன் முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான். குட்டி குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். விரல்கள் அவள் செருப்பின் மேல் இருந்தன. பிறகு முழங்காலில். பிறகு மடியில்.

நாற்காலி சாய்ந்தது. கதவு. வெளிச்சம்.

வராண்டாவில் குட்டியைத் தவிர யாரும் இல்லை. தரை துடைத்த மருந்து வாடை. ஜன்னல் வழியே மஞ்சள் வெயில். குட்டி நோட்டை மூடினாள்.

“ஏம்மா ஓடி வர்றே?”

அவள் குட்டியை வாரி அணைத்தாள். சூடாக, பென்சில் வாசத்தோடு, எப்போதும் போலவே இருந்தாள். முழங்காலைத் தடவினாள், பாதத்தைத் தடவினாள். ஒன்றுமில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஒண்ணுமில்லடா கண்ணு. வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

பையைத் தோளில் மாட்டி, குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வெயில் முதுகில் அடித்தது. எதிர்ச் சுவரில் அவள் நிழல் விழுந்தது, தோளில் பையோடு.

பக்கத்தில் இருந்தது குட்டியின் நிழல் இல்லை.

அது சுவர் முழுக்க நின்றது. சுவர் போதாமல் கூரையில் மடங்கி, அவர்கள் தலைக்கு மேலே வந்திருந்தது. குட்டி துள்ளித் துள்ளி நடந்தாள். அது துள்ளவில்லை. மெல்லக் குனிந்து, அம்மாவின் நிழலின் கையைத் தன் விரல்களால் ஒவ்வொன்றாகச் சுற்றியது.

“அம்மா, கையை விட்டுடாதே,” என்றாள் குட்டி.

அம்மாவின் உள்ளங்கைக்குள், அந்தச் சின்ன விரல்கள் இன்னும் ஒரு மூட்டில் மடங்கின.