திரைக்கு மேலே போன கயிறு

அந்தச் சின்ன ஆளின் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே போனது.

பவுல் முதலில் பார்த்தது அதைத்தான். சுடுகிற ஆட்டம் அவருக்குப் புதிது இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கேம் கடை இருந்த காலத்தில் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு ஏரோப்பிளேன் இடது பக்கமிருந்து வலது பக்கமாகப் போகும், எதிரே வருவதையெல்லாம் சுடும், கடைசியில் வெடிக்கும். அவ்வளவுதான். எந்த ஏரோப்பிளேனுக்கும் கயிறு கிடையாது. இதில் ஏரோப்பிளேனுக்குப் பதில் கடலில் முங்குகிற ஒரு குளியாள் கடலடி மணலில் நடந்துபோய்ச் சுட்டான். கயிறு அவன் இடுப்பில் கிளம்பி, பச்சைத் தண்ணீருக்குள் நேராக ஏறி, கண்ணாடியின் மேல் விளிம்பில் மறைந்தது. அதற்கு மேல் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"கயிறு எதுக்கு மாப்ள?" என்று கேட்டார்.

"அது சும்மா டிசைன் மச்சான்."

"சும்மா எவனும் கயிறு கட்ட மாட்டான்."

ஆன்றோ சிரித்தான். தங்கை அல்போன்சாவின் புருஷன். மீசை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்த வீடியோ கேம் மிஷினுக்கு முன்னால் பையனைப்போல முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

கப்பலில் வந்து இறங்கும் எதையும் பவுல் நம்புகிறவர் இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஹார்பர் ஊரில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மிஷினும் அப்படித்தான் வந்தது. உடைசல் டிவி என்று வந்த கண்டெய்னருக்குள், ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டு வந்தது. பைபாஸில் பழைய சாமான் யார்டு வைத்திருக்கும் செந்தூர்வேல் அண்ணாச்சி அதைப் போட்டோ எடுத்து, இந்த மாதிரிப் பழைய ஆட்டங்களைச் சேர்க்கிறவர்களுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். ஒருவன்தான் பதில் போட்டான். அப்படி ஒரு ஆட்டம் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தவர்கள் கிடையாது, அதில் கடைசி எதிரியாக வரும் பாஸ் எப்படி இருக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது, நீர் காட்டுவது பொய் என்றானாம். பெட்டியில் எழுதியிருந்த பெயரை ஊரில் யாராலும் படிக்கவும் முடியவில்லை. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று ஆன்றோவிடம் தள்ளிவிட்டார் அண்ணாச்சி. ஆன்றோ லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, ஒயரை மாற்றி, வீட்டு முன்னறையில் மாதா படத்துக்கு எதிரே நிறுத்தினான்.

அறையில் அன்றிலிருந்து ஒரு வாடை. சூடான தூசி வாடை, அதற்கு அடியில் சிப்பி அழுகிக் கிடக்கும் மணல் வாடை. அல்போன்சா சாம்பிராணி போட்டாள். போகவில்லை.

சங்கு குளிக்கிற வேலை எப்படி என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆன்றோ கடலுக்குள் இறங்குவான். வாயில் மேலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரஸர் குழாய், இடுப்பில் கயிறு. மேலே வள்ளத்தில் உட்கார்ந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் பவுல். பொண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான், அதனால் கயிற்றை விட மாட்டான். வேறு விளக்கம் கிடையாது. ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு விட வேண்டும். ரெண்டு இழுத்தால் சங்குப் பையைத் தூக்க வேண்டும். விடாமல் இழுத்தால் ஆளைத் தூக்க வேண்டும். இது எல்லோருக்கும் உள்ளது. இது தவிர ஒவ்வொரு மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு ரகசிய இழுப்பு உண்டு. ரெண்டு சின்ன இழுப்பு, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்து, ஒரு நீள இழுப்பு. நான்தான், நல்லா இருக்கேன், நீர் இருக்கீரா என்று அர்த்தம். மேலே இருப்பவர் அதையே திருப்பி இழுக்க வேண்டும். அல்போன்சாவுக்கே அது தெரியாது.

ஒரு ரவுண்டு முடிந்து மறு ரவுண்டு வருமுன் திரையிலிருந்த குளியாள் சும்மா நின்றான். அவன் கயிறு ஆடியது.

ரெண்டு சின்னது. ஒரு மூச்சு. ஒரு நீளம்.

முழங்கால்மேல் கிடந்த பவுலின் வலதுகை, அவர் சொல்லாமலே, அதைத் திருப்பி இழுத்தது. ஆன்றோ பார்க்கவில்லை. அல்போன்சாதான் பார்த்துவிட்டு, அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, வயசாகிவிட்டது என்று கேலி பண்ணினாள்.

அதற்குப் பிறகு, கரைக்கு வந்து சாப்பிட்டதும் மிஷின்தான் ஆன்றோவுக்கு. ஒவ்வொரு ரவுண்டின் முடிவிலும் ஒரு பாஸ் வந்தான். முதலில் ஒரு சுறா, தாடையில் துருப்பிடித்த சங்கிலியோடு. அடுத்து வீடு அளவுக்கு ஒரு முத்துச்சிப்பி. அது வாயைத் திறந்து முத்து முத்தாகத் துப்பியது, ஒவ்வொன்றும் குண்டு. அதற்கடுத்து ஒரு கப்பலின் நங்கூரம், மணலை உழுதுகொண்டு தானாக வந்தது. ஆன்றோ எல்லாவற்றையும் கொன்றான். செத்த பாஸ் எதுவும் வெடிக்கவில்லை. மெள்ள நிறம் வெளுத்து, மணலில் படுத்து, அப்படியே கிடந்தது. ஆள் அதைத் தாண்டி வலது பக்கம் போனான்.

நங்கூரத்துக்கு அப்புறம் கடைசி பாஸ் வந்தது.

அது ஒரு கை. திரையின் மேல் விளிம்பிலிருந்து இறங்கிய கை. சதுரம் சதுரமாக, பழைய ஆட்டங்களில் எல்லாம் இருக்குமே, அப்படி வரைந்திருந்தது. அந்தக் கைதான் கயிற்றைப் பிடித்திருந்தது. அதன் ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"மச்சான், உம்ம கைதாம் வே," என்றான் ஆன்றோ. சிரித்துச் சிரித்து இருமினான்.

பவுல் தன் வலதுகையைப் பார்த்தார். வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கிப் போன பாதி விரல். கட்டைவிரல் நகத்தில் உள்ள வெடிப்பு. அதுவும் திரையில் இருந்தது, ஒரே ஒரு கறுப்புச் சதுரமாக.

"அதைச் சுடாத மாப்ள."

"பாஸைச் சுடாம வேற என்ன செய்ய?"

சுண்டுவிரலில் ஆரம்பித்தான். ஒரு நாள் சாயங்காலம் முழுக்க அடித்து அந்த ஒரு விரலைத்தான் வெளுக்க வைக்க முடிந்தது. மறுநாள் காலையில் காபி டம்ளரைப் பிடித்தபோது பவுலின் சுண்டுவிரலுக்குச் சூடு தெரியவில்லை. அடுத்த விரலை ஆன்றோ அடித்தான். அடுத்த விரல் போனது. வலி இல்லை. கை கையாகத்தான் இருந்தது, மடங்கியது, நீண்டது. உள்ளே ஆள் இல்லாத வீடு மாதிரி. டாக்டர் சுகரா என்று கேட்டு, நரம்புக்கு மாத்திரை எழுதினார். பவுல் மாத்திரையை வாங்கினார், போடவில்லை. டாக்டரையும் அவர் நம்புகிறவர் இல்லை.

மிஷின் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். ஒருநாள் அதற்காகவே கிட்டே போனார். அப்போது திரையில் அந்த ஆள் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டு நின்றான். கயிறு ஆடியது. நான்தான், நல்லா இருக்கேன், நீர் இருக்கீரா. பவுல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். கீழே ஆள் இருக்கும்போது கம்ப்ரஸரை அணைக்கிற கை அவருக்கு இல்லை.

கையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வள்ளக்காரன் மெல்வின் கூலிக்கு ஒருவனைக் கூட்டி வருவான். அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனில் படம் பார்ப்பான். அல்போன்சாவுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. அடுத்தவனின் உயிருள்ள கையைவிடத் தன்னுடைய செத்த கை மேல் என்று பவுல் முடிவு பண்ணினார். நல்ல முடிவு என்றே நினைத்தார்.

கடைசியாக மிச்சமிருந்த கட்டைவிரலும் வெளுத்த மறுநாள் கடலுக்குப் போனார்கள்.

காற்று இல்லை. தண்ணீர் ஈயம் மாதிரி கிடந்தது, டீசல் புகை எழும்பாமல் வள்ளத்தின் மேலேயே படுத்திருந்தது, கம்ப்ரஸர் அடித்த அடியில் பலகையும் பல்லும் ஒன்றாக அதிர்ந்தன, தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள் வானத்தில் ஒட்டவைத்ததுபோல் நின்றன. ஆன்றோ சிலுவை போட்டுவிட்டு இறங்கினான். பவுல் கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மெல்வின் அதைப் பார்த்து, என்ன புதுப் பழக்கம் என்று கேட்டான். வழுக்குகிறது என்றார்.

உள்ளங்கையில் கயிறு கிடந்தது. தெரியவில்லை. இடதுகையால் பிடித்துப் பார்த்தார். அந்தக் கைக்குக் கயிறு தெரிந்தது, பேச்சு தெரியவில்லை. அலை இழுப்பது எது, ஆள் இழுப்பது எது என்று பிரிக்க அது பழகவே இல்லை. கண்ணால் பார்த்தார். கயிறு ஆடியது. நின்றது. ஆடியது. ஒன்றா? ரெண்டா? தானே ரகசிய இழுப்பை அனுப்பினார். பார்த்தார். கயிறு அசையவில்லை. மறுபடி அனுப்பினார். குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"தூக்குதேன்," என்றார்.

கயிறு கனக்கவில்லை. அதுதான் முதலில் தப்பாகப் பட்டது. வெறும் சாக்கை இழுப்பதுபோல் வந்தது.

ஆன்றோ மேலே வந்தான். உயிரோடு வந்தான். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தான். சங்குப் பை காலி. எப்போதும் ஏறினதும் மூக்கைச் சிந்துவான், காறித் துப்புவான், சீக்கிரம் தூக்கினால் பவுலின் அப்பனையும் சேர்த்துத் திட்டுவான். இன்று ஒன்றும் இல்லை. பவுல் அவன் விரல்களைப் பார்த்தார். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்க வேண்டிய விரல்கள். வழவழவென்று இருந்தன.

"வீட்டுக்குப் போவோம்," என்றான் ஆன்றோ.

வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் இவர்கள் போன கொஞ்ச நேரத்தில் தானாக ஓட ஆரம்பித்தது, நான் தொடவில்லை என்றாள் அல்போன்சா. ஆட்டம் இல்லை, இசை இல்லை. கடலடி மட்டும். வெளுத்த கை ஒரு ஓரமாக மணலில் கிடந்தது. அந்தச் சின்ன ஆள் உட்கார்ந்திருந்தான். கயிறு மேலே போனது.

ஆன்றோ மிஷினுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட உட்கார்ந்தான். மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள் அல்போன்சா. பவுல் ஒரு வாய் வைத்ததும் சொன்னார். ஆன்றோ சொல்லவில்லை. ஒரே வேகத்தில் சாப்பிட்டான்.

பவுல் அவன் பின்னால் போய் நின்றார். அவன் தோளில் கிடந்த துண்டின் நுனியை இடதுகையால் பிடித்தார். ரெண்டு சின்னது. ஒரு மூச்சு. ஒரு நீளம்.

ஆன்றோ திரும்பிப் பார்த்தான். மரியாதையாகப் பார்த்தான்.

"என்ன வேணும் மச்சான்?"

"ஒண்ணுமில்ல."

அப்போது வலதுகையில் தெரிந்தது.

அந்தக் கையில் எதுவுமே தெரிந்து நாளாகியிருந்தது. சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை, காலையில் கயிறு தோலை உரித்தது தெரியவில்லை. இது தெரிந்தது. உள்ளங்கையில், ஈரக் கயிறு உரசுவதுபோல. ரெண்டு சின்ன இழுப்பு. ஒரு மூச்சு. ஒரு நீள இழுப்பு.

திரையில் கயிறு ஆடி நின்றது.

பவுல் கையை மூடினார். வெறும் காற்றைப் பிடித்து, அதையே திருப்பி இழுத்தார்.

சின்ன ஆள் எழுந்து நின்றான். தலையைத் தூக்கினான். முகம் என்று அங்கே நாலைந்து சதுரங்கள்தான். பிறகு கயிற்றை இழுக்க ஆரம்பித்தான். விடாமல்.

ஆளைத் தூக்கு.

பவுல் இழுத்தார். கையில் கயிறு இல்லை. இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, கை ஏன் இப்பிடித் துள்ளுது?" என்றாள் அல்போன்சா.

ஆன்றோ கையைக் கழுவிவிட்டு வந்தான். மிஷினுக்குப் பின்னால் குனிந்தான்.

"இதை அண்ணாச்சிகிட்டயே திருப்பிக் குடுத்துருவோம்," என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினான். பச்சைத் தண்ணீர் சுருங்கி ஒரு கோடாகி, ஒரு புள்ளியாகி, போனது. சனியன் தொலைந்தது என்றாள் அல்போன்சா. அண்ணன் சாப்பிடவே இல்லையே என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பவுல் உட்கார்ந்தார். மடியில் கிடந்த கை துள்ளிக்கொண்டே இருந்தது. விடாமல்.

ஆன்றோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு வழவழப்பான கைகளுக்கும் நடுவில் வைத்து மூடினான். தளத்தில் விழுந்த மீன் அடங்குகிறவரை அமுக்கிப் பிடித்திருப்பார்களே, அப்படிப் பிடித்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் இருந்தான்.

துள்ளல் குறைந்தது.

ஒன்று.

ஒரு மூச்சு.

இன்னொன்று, சின்னதாக.

ஆன்றோ பிடியை விடவில்லை.