அமுக்கிய பொத்தான்

பச்சை விளக்கு எரியக் கூடாது. இன்னொரு வாக்கி டாக்கியில் யாராவது பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தால்தான் இதில் பச்சை எரியும். அந்த இன்னொன்று அவளுடையது, மூன்று மாதமாக அலமாரியின் அடித்தட்டில், பழைய பள்ளிச் சீருடைக்குள் சுருட்டி, பேட்டரி கழற்றிக் கிடக்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், கூடத்து மேஜையில் சார்ஜரில் நின்ற தம்பியின் கருவியைப் பார்த்தபடி, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமலே நின்றாள்.

தினமும் ராத்திரி அதைச் சார்ஜில் வைப்பவர் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். மேலே மோட்டார் அறையில் ஒருவர், கீழே குழிக்குள் ஒருவர் என்று நின்று பேசுகிற வேலை. பழசான இரண்டு வாக்கி டாக்கி செட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அன்றே பாடமும் எடுத்துவிட்டார்.

"அமுக்கு. ஒரு மூச்சு விடு. பேசு. பேசி முடிச்சதும் 'ஓவர்'னு சொல்லி விரல எடு. நீ அமுக்கிட்டே இருந்தா எதிர்ல இருக்கறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் உனக்குக் கேக்காது." இடது கையை விரித்துக் காட்டினார். "மேல இருந்தவன் ஒருநாள் விரல எடுக்கல. அதான் இந்த ரெண்டு விரலும் குட்டையா இருக்கு."

"அக்கா வாய மூடவே மாட்டாளேப்பா, எனக்கு எப்ப முறை வரும்?" என்றான் தம்பி. வீட்டில் அவனுக்குப் பேரே வாலு.

மூன்று மாதத்துக்கு முன், அந்த மழை நாளில், சைக்கிளைக் கட்டடத்தின் அடித்தள அறையில் வைக்கப் போனவன் அங்கிருந்தே ஆரம்பித்தான்.

"அக்கா, ஓவர். போன்ல யாரு, ஓவர். நான் இறங்கும்போதே ஒரே சிரிப்புச் சத்தம், ஓவர். அப்பாகிட்ட சொல்லட்டா, ஓவர்."

"மேல வா, தோல உரிக்கிறேன்."

"தோல் என்னுது, ஓவர்."

செட்டை அணைத்தால் ஓடிவந்து மானத்தை வாங்குவான். போனை வைத்தாள். தலையிலிருந்து கறுப்பு ரப்பர் வளையத்தை உருவிப் பொத்தான்மேல் மூன்று சுற்று இறுக்கினாள். இனி அவன் கத்துவது இங்கே கேட்காது. இவள் முணுமுணுக்கிற பாட்டுதான் அவன் காதில் விழும். நல்லா வேணும். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்ற, நகச்சாயம் காயும்வரை பாடிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம். அதற்குள் தெருவில் ஏறிய வெள்ளம் சரிவுப் பாதை வழியாக அடித்தளத்துக்குள் பாய்ந்துவிட்டது. அறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெளியே நின்ற தண்ணீர் அதைத் திறக்க விடவில்லை.

மாடிப்படியில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டதும் வளையத்தைக் கழற்றி வீசினாள். யாரும் கேட்பதற்கு முன்பே அப்பாவிடம் சொன்னாள்: "அவன் கூப்பிடவே இல்லப்பா. செட்டுல சார்ஜ் இல்ல போல."

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "காலையில அவன் செட்ட எடுத்துட்டு அந்த பிளக்ல என் போன சொருகினேன்மா. நான்தான். நான்தான்."

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். அவள் பக்கத்திலேயே நின்றாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் எழுவாள். இரவானால் அவர், அவன் கையிலிருந்து எடுத்த அந்தச் செட்டைச் சட்டை நுனியால் துடைத்துச் சார்ஜரில் நிறுத்துவார். அதைப் பார்த்ததும் தன் அறைக்குத் திரும்பிவிடுவாள்.

இப்போது பச்சை எரிகிறது.

அதன் சின்ன ஓட்டைகளிலிருந்து, காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு, ஒரு இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள் ஒரு கிறீச். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. அந்தக் கிறீச்சை அப்பா போன மாதமே எண்ணெய் விட்டு நிறுத்திவிட்டார். ஆனாலும் செட்டுக்குள் கிறீச். கிறீச். கூடவே நகச்சாயத்தின் காட்டமான வாடை. பிறகு பாட்டு.

அவள் குரல்.

அலட்சியமான முணுமுணுப்பு. நடுவில் ஒரு சிரிப்பு. இதைத்தான் அவன் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறை கூப்பிட்டுவிட்டு விரலை எடுத்தபோதும், அக்கா பதில் சொல்வாளென்று செட்டைக் காதில் வைத்தபோதும், இதைத்தான். முழங்கால்வரை தண்ணீரில். இடுப்புவரை. கழுத்துவரை.

குமிழைத் திருகி அணைத்தாள். பாட்டு நிற்கவில்லை. சார்ஜரிலிருந்து பிடுங்கினாள். நிற்கவில்லை.

உள் அறையில் கட்டில் முனகியது. "யாரும்மா பாடறது?"

"யாருமில்லப்பா. தூங்குங்க."

"உன் குரல் மாதிரி இருக்கே."

செருப்பு தேயும் சத்தம். வருகிறார்.

அவள் தன் அறைக்கு ஓடினாள். அலமாரி. அடித்தட்டு. சீருடை ஈரமாக இருந்தது. பிரித்தாள். பேட்டரி இல்லாத செட். சிவப்பு விளக்கு. பொத்தான் உள்ளே அமுங்கி. அதன்மேல் கறுப்பு வளையம். மூன்று சுற்று.

நகத்தை விட்டு நெம்பினாள். வரவில்லை. பல்லால் கடித்தாள். சேற்றுத் தண்ணீர் வாய்க்குள் வந்தது. வரவில்லை.

வாசலில் அப்பா. ஒரு கையில் தம்பியின் செட். அவர் அவளைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். அவருடைய குட்டை விரல்கள் மெல்ல மடங்கின.

"அப்பா..."

அவர் கையிலிருந்த செட்டில் பாட்டு நின்றது. தண்ணீர் தளும்பியது. மிக அருகில், பொறுமையாக, குளிரில் பல் கிட்டிய ஒரு சின்னக் குரல்:

"அக்கா, விரல எடு. ஓவர்."