தாங்கும் வீடு

மேற்கே காற்றாலைகள் ஓய்ந்ததும் கரட்டுப்பாளையத்தில் முதலில் அணைவது கோகிலவாணி வீடுதான். நாலு மாதமாக இதே கூத்து. நானூறு வீடு இருக்கிற ஊரில் அந்த ஒரு வீட்டின்மேல்தான் இணக்கிக்குக் கண்.

நிலக்கரி உலைகளை மூடிய பிறகு வந்தது இணக்கி. வெயிலும் காற்றும் நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வருமா? அவை குறைகிறபோது யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். யார் என்று முடிவு செய்ய, வீட்டுக்கு வீடு மீட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கருவி அது. மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கும். என்ன கெட்டது, புகார் வந்ததா என்று கவனிக்கும். ஒன்றும் இல்லையென்றால் அந்த வீட்டின் தாங்குமதிப்பை ஏற்றிவிடும். மதிப்பு ஏற ஏற மின்வெட்டும் கூடும்.

கோகிலவாணியின் பிழைப்பு குஞ்சு பொரித்து விற்பது. இன்குபேட்டரில் ஆயிரம் முட்டை. இருபத்தொரு நாள் சூடு மாறக் கூடாது. மின்சாரம் நின்றால் சேலை, கம்பளி, வெந்நீர் பாட்டில் என்று சுற்றி, கை கொப்பளிக்கக் கொப்பளிக்கக் காப்பாற்றிவிடுவாள். அவளுக்கு மதிப்பு தொண்ணூற்றொன்று. விளக்கு சிமிட்டினாலே புகார் எழுதும் நீச்சல்குள பங்களாக்காரருக்கு மூன்று.

"நம்மள நல்லவங்கன்னு சொல்ற ஒரே ஆளு அந்தப் பொட்டிதான் வாணி," என்றான் புருஷன் ரங்கசாமி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே மின்வாரிய அலுவலகம் போனாள்.

இளம் பொறியாளன் பிரகதீஷ் குளிர் அறையில் மரியாதையாகத்தான் திரையைத் திருப்பிக் காட்டினான். "இருபத்தேழு தடவ நின்னிருக்குங்க அக்கா. ஒரு குஞ்சுகூடச் சாகல. அப்ப உங்களால முடியுதுன்னுதானுங்களே அர்த்தம்?"

"சாகாம பாத்துக்கிட்டது நானுங்க தம்பி. அது உங்க பொட்டிக்குத் தெரியுமுங்களா?"

"அத அளக்க வழியில்லீங்க."

"செத்திருந்தா?"

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "மதிப்பு எறங்கியிருக்குமுங்க."

இந்த ஆபீசுக்கு மதிப்பு எத்தனை என்று கேட்டாள். விலக்கு என்றான். ஆனால் ஊரார் மனுக் கொடுத்தால் எந்தக் கட்டடத்தையும் சோதிக்கலாம் என்பது சட்டம். மறுநாளே நாற்பது பெண்களின் கையெழுத்தோடு மனுவை நீட்டினாள்.

இணக்கி அலுவலகத்தை ஒரு நாள் நிறுத்திப் பார்த்தது. முந்தின நாள் தீர்த்த புகார் பூஜ்யம். நிறுத்திய அன்றும் பூஜ்யம். ஒன்றும் கெடவில்லை. மதிப்பு நூறு. அன்றோடு அங்கே மின்சாரம் கிடையாது. ஊரே சிரித்தது, பிரகதீஷ் கைவிசிறியோடு உட்கார்ந்திருந்தான்.

ஊர்ப் புகார்களைப் பதிந்து அனுப்பும் கணினி அந்த அலுவலகத்தில்தான் இருந்தது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு வாரம் கரட்டுப்பாளையத்திலிருந்து ஒரு புகாரும் போகவில்லை. ஊரில் எல்லோரும் சுகம் என்று இணக்கி எடுத்துக்கொண்டது. மேகம் மூடிய ஒரு மத்தியானம் நானூறு வீடும் சேர்ந்து அணைந்தன, பங்களா உட்பட. கோகிலவாணியின் முட்டைகளுக்கு அது இருபதாம் நாள்.

பிரகதீஷ் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். அதிகாரிகள் வேண்டியவர்களுக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடக் கூடாதென்று, இணக்கியைக் கையால் மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்களாம். சூடேற்றப் பத்தாத இன்குபேட்டர் பேட்டரி மட்டும் இன்னமும் பொரிப்பு எண்ணிக்கையை அதற்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதாம்.

"அந்த எண்ணிக்கை விழுந்தாத்தானுங்க அது நம்பும். ஊருக்கே கரண்ட் வந்துரும். இந்த ஒரு தடவ மட்டும் கை வெக்காம விட்டுருங்க அக்கா."

வாசலில் கூடியிருந்தவர்கள், பங்களாக்காரரும்தான், அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். அடுத்ததிலும்.

"சட்டையக் கழட்டுங்க தம்பி," என்றாள். "நீங்களுந்தானுங்க, பங்களாக்காரரே. துணி பத்தாது."

மறுநாள் தொள்ளாயிரத்து அறுபது குஞ்சுகள் பொரிந்தன. இணக்கி ஊராருக்கு நன்றி தெரிவித்து, நிறுத்தும் நேரத்தை இரண்டு மடங்காக்கியது.