படம் இல்லாத மெனு

அரியலூரில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் லீலா மேரியின் மேசையில் ஜோதி தன் செல்போனை வைத்தாள்.

"நான் செஞ்ச கேம், மேடம். நேத்து சென்னைக்காரங்க வாங்க வந்தாங்க. ஆபீஸ் போன்ல திறந்தா மெனுவுல ஒரு பட்டன் படம்கூட இல்ல. வெறும் பச்சைத் திரை. சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

"படமெல்லாம் உன்கிட்ட இருக்காம்மா?"

"இருக்கு. திரும்பப் போட அஞ்சு நிமிஷம் ஆகும். ஆனா போட மாட்டேன். என் கவனக்குறைவுன்னு முதலாளி மன்னிப்புக் கடிதம் கேக்குறாரு. குடுக்கலன்னா வேலை போயிடும், கேமையும் சீனியர் செபஸ்டின் பேர்ல மாத்திடுவாங்க. அழிச்சது யாருன்னு தெரியாம நான் நகர மாட்டேன்."

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பொன்னாயியின் மகள் ஜோதி. கொட்டையின் எண்ணெய் பட்டு அம்மாவின் வலது கை விரல்கள் வெந்து கிடந்ததால், இடது கட்டைவிரல் ஒன்றாலேயே ஆடும்படி கேமைச் செய்திருந்தாள். அதைக் கேட்டு லீலா மேரியின் உதவியாளன் அறிவரசன் உச்சுக் கொட்டினான். அதற்கு மேல் யோசிக்க அந்த மகாமூளைக்குத் தோன்றவில்லை.

மதியமே மூவரும் பெரம்பலூரில் ஜோதி வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போனார்கள். முதலாளி ஞானப்பிரகாசம் கடிதத்துக்கான வெள்ளைத்தாளை மேசைமேல் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் சீனியர் செபஸ்டின் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் கேமை நான் திறந்துகூடப் பாத்ததில்லீங்க" என்றான்.

லீலா மேரி ஆபீஸ் போனில் கேமைத் திறந்தாள். "படம்தான் போயிருக்கு. பட்டன் இருந்த இடம் அப்படியே இருக்கு, தொட்டா வேலை செய்யும். ஒவ்வொருத்தரா மெனுவை மூடிக் காட்டுங்க."

ஞானப்பிரகாசம் வலது மேல் மூலையைக் குத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அறிவரசனும் அங்கேயே குத்திவிட்டு அசடு வழிந்தான். செபஸ்டின் சலிப்போடு போனை வாங்கி இடது கீழ் மூலையைத் தொட்டான். மெனு மூடிக்கொண்டது.

"அவ்வளவுதானே? நான் கிளம்புறேன்."

"உக்காருங்க சார்" என்றாள் லீலா மேரி நிதானமாக. "எல்லாக் கேமுலயும் மூடுற இடம் வலது பக்கம் மேல. இவ ஒருத்திதான் அம்மாவோட இடது கட்டைவிரலுக்காகக் கீழ வச்சிருக்கா. திறந்தே பாக்காத உங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

"குத்துமதிப்பா தொட்டேன்."

"குத்துமதிப்பா தொட்ட ரெண்டு பேரும் மேலதான் போனாங்க. நீங்க நல்லா ஆடிப் பாத்துட்டுத்தான் படத்தை அழிச்சிருக்கீங்க. இல்லன்னா பாக்கலன்னு ஏன் பொய் சொல்லணும்?"

செபஸ்டினின் முகம் கறுத்தது. "பின்ன? கேமுல கொட்டை உடைக்கிறவ பொண்ணு பேரு மேல வரணும், நான் அதுக்குக் கீழ நிக்கணுமா?"

அறிவரசன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஜோதி அசையவில்லை.

"ஆமா. அப்படித்தான் வரும்" என்றாள்.

ஞானப்பிரகாசம் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. அந்தப் படத்தைப் போட்டுடு."

ஜோதி வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "அது அஞ்சு நிமிஷ வேலை சார். மொதல்ல எனக்கு மன்னிப்புக் கடிதத்த நீங்க எழுதுங்க. சென்னைக்காரங்களுக்கும் ஒண்ணு."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். ஜோதி தன் பேனாவையே திறந்து நீட்டினாள்.