முயல்கள் முகம் திருப்பிய பக்கம்

அன்று காலை முயல்கள் தின்றிருந்தது நளினி வைத்த கீரையை அல்ல.

முந்தின நாள் சாயங்காலம் அவள் போட்ட முள்ளங்கி இலையும் கொத்தமல்லித் தண்டும் போட்டபடியே வாடிக் கிடந்தன. ஆனால் கூண்டின் சரிவுப் பலகைக்குக் கீழே, வெள்ளை முயல் ரவையின் முன்னங்கால்களுக்கு நடுவில், வேறு ஏதோ ஒன்றின் மிச்சம் இருந்தது. நளினி வலைக்கதவைத் திறந்து அதை எடுத்தாள். விரல் நீளத்துக்கு ஒரு தண்டு. துளிகூடப் பச்சை இல்லை. வெயிலே படாமல் வளர்ந்ததுபோல் வெள்ளை வெளேரென்று, ஈரமாக, பிடித்தால் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். வெகுநாள் தண்ணீரில் ஊறிய பாறையின் வாசனை.

முதலில் அவள் நினைத்தது பக்கத்து வீட்டு ஜெனிட்டாவைத்தான்.

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஒரு காலத்தில் வரிசையாகக் கட்டிய ஊரிகத்தின் அந்த லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பின்பக்கத்தில் இடுப்பளவு மதில் ஒன்று, அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனிட்டா, ஐம்பது வயது, தனியாள், வீட்டிலேயே தையல். நளினி கல்யாணமாகி பங்காருபேட்டையிலிருந்து இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்தப் பதினாறு வருடத்தில் அவளுடையது என்று எது வந்தாலும் அது மதிலைத் தாண்டிவிடும். இரண்டு வருடம் அவள் பால் ஊற்றி வளர்த்த பூனை, குட்டி போட ஜெனிட்டாவின் தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்பும் அவள் புருஷன் விநாயக், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்பக்கம் போய், மதிலில் சாய்ந்தபடி அன்றைக்கு ரயிலில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரிப்பான். உள்ளே வந்தபிறகு நளினி கேட்டால், "ஒண்ணும் இல்ல, எப்பவும் போலத்தான்" என்பான். அதில் தப்பாக எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

அதனால்தான் முயல் கேட்டாள். யாரையும் தேடி வெளியே போகாத, அவள் கையை மட்டுமே எதிர்பார்க்கிற ஏதாவது ஒன்று வேண்டும் என்றாள். விநாயக் சிவாஜிநகரிலிருந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இரண்டு முயல்களை ரயிலில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தான். வெள்ளைக்கு ரவை என்றும் கருஞ்சாம்பலுக்கு எள்ளு என்றும் நளினி பேர் வைத்தாள்.

வீடு கட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி அடிக்கும் பக்கம் முதுகு இருக்கும்படி, முழங்காலுக்கு மேல் உயரக் கால்களில், மழை வழிய சரிந்த தகரக் கூரையோடு மரக்கூண்டு. ஒரு பாதி படுத்துக்கொள்ள மூடிய அறை, மறுபாதிக்கு வலைக்கதவு. அதிலிருந்து ஒரு சரிவுப் பலகை இறங்கினால், ஓடி விளையாடத் தரையிலேயே ஆறடி நீளத்துக்கு வலையடித்த பட்டி. ஆள் குனிந்து நுழையலாம். நாய் தோண்டி உள்ளே வராமலிருக்க வெளிப்பக்கம் ஓரடி அகலத்துக்கு வலையை மண்ணோடு மண்ணாகப் படியவைத்து மேலே செங்கல் அடுக்கினார்கள்.

"அடியிலயும் வலை போட்டுடலாம் நளினி. முயலு தோண்டும்" என்றான் விநாயக்.

"வேணாங்க. கால் புண்ணாயிடும். புல்லு மேலயே இருக்கட்டும்."

"நம்ம லைனுக்கு நேர் கீழ பழைய சுரங்கத்தோட ஒரு லெவல் போகுதுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

"அது எத்தினி அடி கீழ? முயலு அவ்ளோ தூரமா தோண்டும்?"

அவன் சிரித்துவிட்டான். அடியில் வலை போடவில்லை.

முதல் ஒரு மாதம் அவை அவளுடையவையாகவே இருந்தன. எள்ளு அவள் உள்ளங்கையிலிருந்து இலையை இழுத்துத் தின்றது. ரவை அவள் மணிக்கட்டின்மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியது. ஒருநாள் ஜெனிட்டா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஒரு வாட்டி தூக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டபோது, "பயப்படும்க்கா" என்று நளினி சொன்னாள். சொன்னபோது வாய் இனித்தது.

இப்போது இந்த வெள்ளைத் தண்டு.

அன்றிலிருந்து முயல்கள் அவள் கைக்கு வரவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிவருபவை, இப்போது பட்டியின் மூலையில் மதில் பக்கம் முகம் வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. வலுக்கட்டாயமாக எள்ளுவைத் தூக்கினாள். இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால்வரைக்கும் ரோமம் ஒரே சீராகப் படிந்திருந்தது. யாரோ நிதானமாக, நெடுநேரம், திரும்பத் திரும்பத் தடவிவிட்ட படிவு. விரல் வைத்துப் பார்த்தாள். ஈரம். விரலில் மெல்லிய சாம்பல் நிறத் தூள் ஒட்டியது.

மதிலருகே போய் நின்றாள்.

"அக்கா, முயலுக்கு நீங்க எதுனா குடுக்கறீங்களா?"

ஜெனிட்டா நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "நானா? நீதான் தொடவே உடலியே."

"யாரோ தொடுறாங்க."

"உங்க ஊட்டுக்காரரா இருக்கும். போயி அவரக் கேளு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு நான் ஊர்லயே இல்ல நளினி. அண்ணன் பொண்ணு கல்யாணம். வர ஒரு வாரம் ஆவும்."

ஜெனிட்டா போனாள். அவள் வீட்டுப் பின்கதவில் பூட்டுத் தொங்குவதை நளினி தன் கண்ணால் பார்த்தாள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் பட்டிக்குள் வெள்ளைத் தண்டுகள் இரண்டு கிடந்தன.

அடுத்த நாள் விநாயக் விடிகாலை வண்டிக்குக் கிளம்பியதும் நளினி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டாள். மார்கழிப் பனி மதில்மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து வண்டியின் ஊதல் ஒருமுறை நீளமாகக் கேட்டு, சக்கரங்களின் தடதடப்பு பாறைகளுக்கு நடுவே தேய்ந்து, கடைசியில் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அப்போது கூண்டின் சரிவுப் பலகை முனகியது. முதலில் எள்ளு இறங்கியது. பின்னால் ரவை. யாரும் கூப்பிடவில்லை. இரண்டும் அந்த மூலைக்குப் போய், ஒன்றோடொன்று ஒட்டி, முதுகைக் காட்டி உட்கார்ந்தன. காதுகள் பின்னால் படிந்தன. பனிமூட்டத்தில் எள்ளுவின் கழுத்து ரோமம் தானாக அமுங்குவதுபோல் தெரிந்தது. அந்த அமுக்கம் முதுகு வழியாக மெல்ல இறங்கி வால்வரைக்கும் போனது. ரோமம் எழும்பியது. மறுபடியும் கழுத்திலிருந்து தொடங்கியது.

அவள் செருப்பில்லாமல் இறங்கிப் போனாள். மண் பனிக்கட்டிபோல் இருந்தது. பட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து குனிந்தாள்.

மூலையில் ஒரு பொந்து. டீத்தட்டின் அகலம். அதிலிருந்து ஒரு கை வெளியே வந்திருந்தது.

மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல்வரைக்கும் தெரிந்தது. மெலிந்து நீண்ட கை. அந்தத் தண்டின் நிறம். விரல்களின் புறத்தால் எள்ளுவின் முதுகை அவசரமே இல்லாமல் தடவிக்கொண்டிருந்தது.

நளினி வலையைப் பற்றிக்கொண்டாள். கத்த வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் எள்ளு தலையைத் திருப்பி, அந்த விரல்களை நக்கியது. ஒவ்வொரு விரலாக. கண்ணை மூடிக்கொண்டு.

அவளை அது ஒருநாளும் நக்கியதில்லை.

பயம் எங்கேயோ பின்னால் நின்றுவிட்டது.  வலையை ஓங்கி அடித்தாள். கை பதறாமல், சாவகாசமாக, பொந்துக்குள் இறங்கிப் போனது.

பொந்தில் செங்கற்களை இறக்கி, மண்ணைக் கொட்டி மிதித்தாள். விநாயக்கிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் மதிலில் சாய்ந்து ஜெனிட்டாவிடம் சொல்வான். முயல்கள் இரண்டு நாள் எதையும் தின்னாமல் மிதித்த மண்ணின்மேல் படுத்துக் கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் செங்கற்கள் பட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பொந்து திறந்திருந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கையில்?

பட்டிக்குள் தவழ்ந்து போனாள். முயல்களை ஓரமாகத் தள்ளினாள். பொந்துக்குள் தன் வலது கையை விட்டாள்.

முதலில் குளிர். பிறகு விரல் நுனியில் விரல் நுனி. அது அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கணுக்களின்மேல் ஊர்ந்தது. பாத்திரம் தேய்த்துத் தடித்த இடம், வெங்காயம் நறுக்கும்போது வெட்டிய தழும்பு, மோதிரத்தின் கீழே வெளுத்த வளையம், ஒவ்வொன்றிலும் நின்று, கேட்பதுபோல் தொட்டு, அப்புறம்தான் நகர்ந்தது. அவள் கையை இப்படி யாரும் தொட்டதில்லை. யாரும். அவள் கண்கள் தாமாகப் பாதி மூடின.

திறந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. உள்ளே அடுப்பில் எதுவோ தீய்ந்த நாற்றம். எள்ளு அவள் முழங்கையின்மேல் ஏறி, பொந்துக்குள் தலையை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நளினி அதைப் பிடித்து எறிந்தாள். அது வலையில் மோதி விழுந்தது.

ஜெனிட்டா திரும்பிய அன்று சாயங்காலமே நளினி இரண்டு முயல்களையும் கூடையில் வைத்து மதிலுக்கு மேல் நீட்டினாள்.

"நீங்களே வச்சுக்கங்கக்கா."

"இன்னா நளினி இது? உயிரா வச்சினு இருந்தியே."

"எனக்கு வேணாம். இங்க மட்டும் உடாதீங்க."

ஜெனிட்டா கூடையை வாங்கவில்லை. அவள் நளினியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை இன்னா இப்பிடி வெளுத்துக் கெடக்குது? டாக்டராண்ட காட்டினியா?"

நளினி கூடையை மதில்மேல் வைத்துவிட்டு, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு விடிகாலை வண்டி ஊதியதும் அவள் பட்டிக்குள் போய்க் கதவின் கொண்டியை உள்பக்கமாக மாட்டிக்கொள்வாள். வைக்கோலைப் பரப்பிக் குப்புறப் படுப்பாள். மதியம் எழுவாள். பிறகு மதியமும் எழுவதை விட்டாள். விநாயக் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் எழுந்து குளித்து, சோறு வடித்து வைப்பாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் எப்போது அவளைப் பார்த்தான்?

பொங்கலுக்கு முந்தின நாள் கம்பெனியில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வெயில் இறங்கும் நேரத்துக்கே அவன் வந்துவிட்டான். நளினிக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. எழ மனம் வரவில்லை.

"நளினி?" வலைக்கு வெளியே அவன் முகம். "நளினி, இன்னா பண்றே உள்ள? விழுந்துட்டியா?"

"போங்க."

"கைய எங்க உட்டுக்கினு கெடக்கறே? பாம்பு கீம்பு இருக்கும். எடு."

"நீங்க போங்க. இது என்னுது."

அவன் வலையைப் பிய்த்துக் கொண்டியைக் கழற்றினான். முழங்காலில் ஊர்ந்து உள்ளே வந்தான். அவள் தோளைப் பிடித்து இழுத்தான். கை பொந்திலிருந்து வெளியே வந்தது. முழங்கைவரை வெள்ளையாக இருந்தது.

விநாயக் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பொந்தைப் பார்த்தான். குனிந்தான்.

"உள்ள யாரு?"

அது வெளியே வந்தது. மெதுவாக. காற்றில் ஒரு கணம் நின்றது. நளினி தன் கையை நீட்டினாள். அது அவள் பக்கம் திரும்பவில்லை.

அவன் மணிக்கட்டைத் தொட்டது. கழுத்தை. கன்னத்தை. விநாயக்கின் வாய் கத்தத் திறந்தது. திறந்தபடியே தளர்ந்தது. கண்கள் பாதி மூடின. வண்டியில் வந்த களைப்பெல்லாம் ஒரேயடியாக இறங்கியதுபோல் பெருமூச்சு விட்டான். மண்ணில் சாய்ந்தான். கையைப் பொந்துக்குள் விட்டான்.

மணிக்கட்டு. முழங்கை. தோள்.

பொந்தின் விளிம்பு உள்பக்கமாகச் சரிந்தது. மண் சலசலவென்று இறங்கியது. அவன் காது மண்ணோடு படிந்தது. உதட்டில் சிரிப்பு. உதட்டோரம் மண். மார்பு ஒரு சாண் உள்ளே போனது. இன்னொரு சாண்.

நளினி அவன்மேல் பாய்ந்தாள். சட்டையைப் பிடித்தாள். இடுப்பைப் பிடித்தாள். மேலே இழுக்கவில்லை. பக்கவாட்டில் தள்ளினாள். முட்டி கொடுத்துத் தள்ளினாள்.

"தள்ளுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "கொஞ்சம் தள்ளுங்க. எடமே இல்ல எனக்கு."

அவன் கழுத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. தன் வெளுத்த கையை அதில் நுழைத்து, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தாள். அந்தச் சந்து வழியே இரண்டாவது கை ஒன்று வெளியே வந்தது. விரிந்திருந்த அவள் உள்ளங்கையைச் சுற்றிக்கொண்டு போய், விநாயக்கின் தலைமுடியைக் கோதத் தொடங்கியது.