பாதிக் கிண்ணம்

இன்னும் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பயம் வந்தால் என் சால்வையைப் பிடித்துக்கொள்ளலாம்.

எங்கள் மலையூரின் நாரின் ஆறு உறைந்து கிடந்த மாதம் அது. காலையில் பனியைத் தட்டி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, என் தங்கை சூராகானை டயாலிசிஸ் வார்டுக்குள் கூட்டிப்போனேன். உள்ளே வினிகர் நெடி. ஜன்னல் இடுக்கு வழியே நிலக்கரிப் புகை. அவள் சாய்வு நாற்காலியில் படுத்துக் கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாயில் ரத்தம் சுற்றத் தொடங்க, இயந்திரம் முனகியது.

அடுத்த நாற்காலி காலி. ஜுமாகுல் அம்மாவுடையது. தனக்கு ரத்தச் சுத்திகரிப்பு முடிந்ததும், இழுத்துப் பிடிக்கிற என் தங்கையின் கெண்டைக்காலை அமுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள், புண்ணியவதி. முதல் பனி விழுந்த வாரம் அவளைப் புதைத்தோம்.

"அக்கா, டீ."

"ஒரு மடக்குதான். நேத்து சமோவாரையே கவுத்துக் குடிச்சிட்டு வந்திருக்க. இன்னைக்கு மெஷின் அத்தனை தண்ணியையும் உன்கிட்ட இருந்து பிழியப் போகுது."

"தாகம்னா உனக்கு என்ன தெரியும்? நம்ம குதிரைக்குக்கூட உன்னைவிட இரக்கம் ஜாஸ்தி."

டீக் குடுவையிலிருந்து அவளுக்கு ஒரு மடக்கு ஊற்றினேன். வழக்கம்போல இன்னொரு கிண்ணத்தில் பாதி ஊற்றிக் காலி நாற்காலியருகே வைத்தேன். போனவளை வெறும் வாயோடு விட மனசு வரவில்லை.

பிற்பகலில் வானம் மூடிக்கொண்டது. சூராகான் பல்லைக் கடித்தாள். கெண்டைச் சதை கல்லாக இறுகுவது காலுறைக்கு மேலேயே தெரிந்தது. நான் எழுவதற்குள் அவள் முகம் தளர்ந்தது.

"ஆ... அங்கதான்."

"எங்க?"

"அமுக்குறாங்கல்ல... கைதான் ஐஸ் மாதிரி."

நான் அவள் தலைமாட்டில் நின்றிருந்தேன்.

கால்மாட்டில் யாரும் இல்லை.

ஈர மண் வாசனை வந்தது.

"என்ன சுகம்க்கா..." அவள் குரல் தேய்ந்தது. "வான்னு கூப்பிடுறாங்க. அங்க வேணுங்கிற அளவு டீ குடிக்கலாமாம்."

அவள் உதடு வெளுத்தது. இயந்திரம் கதறியது.

நர்ஸ் குல்பாரா ஓடிவந்து நாற்காலியைத் தாழ்த்தி, உப்புநீரைத் திறந்துவிட்டாள். "பிரஷர் இறங்கிட்டே போகுது! சூராகான், கண்ணைத் திற!" அவள் பார்வை கிண்ணத்தில் விழுந்தது. "இது யாருக்கு?"

"ஜுமாகுல் அம்மாவுக்கு."

"பாதி ஊத்தியா வச்சீங்க? ஐயோ அக்கா, புத்தி இருக்கா? வந்தவங்களுக்குப் பாதி ஊத்துனா என்ன அர்த்தம்? இருங்க, பேசலாம், மறுபடி ஊத்துறேன்னுதானே! வர்றப்பல்லாம் நீங்களே அவங்களை உட்கார வச்சிருக்கீங்க!"

 குடுவையைச் சாய்த்து விளிம்பு தளும்ப ஊற்றினேன். நம் வீடுகளில் அப்படி ஊற்றினால் எந்த விருந்தாளியும் தொப்பியைத் தேடுவார்.

"கிளம்புங்கம்மா," என்றேன்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

மண் வாசனை விலகியது. சூராகான் அலறினாள், கால் சுருண்டு, வாய் கோணி, வார்டே திரும்பிப் பார்க்க அலறினாள். குல்பாராவும் நானும் அழுதுகொண்டே சிரித்தோம். வலிக்கிறதென்றால் பிள்ளை நம்மிடம்தானே இருக்கிறாள்!

அவள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் அனுப்பின?" என்றாள் கடைசியில். "உன் கைக்கு அந்தப் பதம் வராது."

அடுத்த முறை குடுவையையும் கிண்ணங்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். முடியப்போகிற நேரத்தில் அவள் கால்களை இழுத்துப் பிடித்தது. அவளுடைய வலது காலை மடியில் போட்டு, என் பலமெல்லாம் திரட்டிப் பிசைந்தேன். மூச்சு வாங்கியது, விடவில்லை. இனி இவள் வலிக்கு நான்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பிசைந்தேன்.

மெல்ல அவள் முகம் தெளிந்தது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றாள் கண்ணைத் திறக்காமல். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி அமுக்குறீங்க."

நான் அவளுடைய இடது காலைப் பார்த்தேன்.

அந்தக் கம்பளிக் காலுறை, விரல் விரலாக அமுங்கி, எழுந்து, மறுபடி அமுங்கிக்கொண்டிருந்தது.