இரண்டு இழுப்பு

"இழுக்காதடான்னு எத்தனை வாட்டி சொல்றது? நான் என்ன வண்டி மாடா?"

"நான் எங்கடா இழுத்தேன்? நீ பயந்து நடுங்குறதுக்கு என் கை என்ன பண்ணும்?"

பின்னால் மூடுபனிக்குள்ளிருந்து வந்த பதிலில் ஒரு சிரிப்பும் இருந்தது. முன்னால் நடந்த கர்ட்டன் கடைக்காரனுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் பற்றிக்கொண்டு வந்தது. குளிர்கால லீவுக்கு ஊரார் எல்லாரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, இந்தச் சிகரத்தில் ஏறியே தீருவேன் என்று ஆறு மாதமாகப் பீற்றிக்கொண்டது இவன்தான். காய்கறி வாங்கக்கூட மலையேறும் பூட்ஸில்தான் போவான். இப்போது பின்னால் வரும் நண்பன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்; அவன் தங்கை மட்டும் அந்தப் பீற்றலுக்கு மசியவில்லை. "முதல்ல எங்க வீட்டு மாடிக்கு மூச்சு வாங்காம ஏறி வாங்க, அப்புறம் மலைக்குப் போகலாம்" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது இவன் ஆசை. பாதியில் திரும்பினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இருவர் இடுப்பையும் ஒரே நீளக் கயிறு இணைத்திருந்தது. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டவன் இவன்தான். கடையில் திரைகளை ஒதுக்கிக் கட்டுவானே, வாலைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும், அதே முடிச்சு. கைப்பழக்கம்! ஆள் தெரியாத மூடுபனியில் இரண்டு இழுப்பு இழுத்தால் 'இருக்கியா?' என்று அர்த்தம். பதிலுக்கு இரண்டு இழுத்தால் 'இருக்கேன்.' பெரிய பாறையைத் தாண்டியதிலிருந்து அந்த இழுப்பு ஓயவே இல்லை. அதனால்தான் இந்தச் சண்டை.

நனைந்த கம்பளியின் மக்கிய வாடை மூக்கில் ஏற, காது மடல்கள் மரத்துப்போக, பூட்ஸுக்கடியில் பனி அப்பளம்போல நொறுங்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு அவன் மலை முகட்டில் நடந்தான். முகட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளம். உற்றுக் கேட்டபோதுதான் உறைத்தது. நொறுங்குவது தன் காலடி மட்டும்தான்.

இரண்டு இழுப்பு.

பதிலுக்கு இழுத்தான். மறுபடி இரண்டு. மறுபடி.

"டேய், போதும்டா."

கயிறு விறைத்தது. அவனை மண்டியிட வைத்தது. திரும்பிப் பார்த்தான். கயிறு வந்த வழியில் போகவில்லை. பக்கவாட்டில், பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. நண்பன் விழுந்துவிட்டான்! பூட்ஸைப் பனியில் ஊன்றினான். பிடித்தான். கனத்தது. கீழே, பனிச்சரிவில் எதுவோ பொறுமையாகப் பிறாண்டிக்கொண்டு மேலே வந்தது.

இரண்டு இழுப்பு. இருக்கியா?

விரல் தானாக முடிச்சின் வாலுக்குப் போனது. ஒரு சுண்டு.

கயிறு சரசரவென்று பள்ளத்துக்குள் போய்விட்டது. விழுந்த சத்தம் வரவில்லை. கத்தலும் இல்லை.

இறங்கும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். கயிறு அறுந்துபோச்சு. பாறை அறுத்துடுச்சு. நான் எவ்வளவோ பிடிச்சேன். தங்கையிடம் சொல்லும்போது எந்த இடத்தில் அழுவது என்பதுவரை யோசித்துவிட்டான். அந்த யோசனைக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டான். ஆனாலும் யோசித்தான்.

அடிவாரக் குடிசையின் கதவைத் தள்ளினான். அடுப்புக்குப் பக்கத்தில், கண்ணாடியெல்லாம் ஆவி படிய உட்கார்ந்திருந்தான் நண்பன். இடுப்பில் கயிறில்லை. எழுந்து வந்து இவன் கையைப் பிடித்துக்கொண்டு கேவினான்.

"மன்னிச்சுடுடா. அந்தப் பெரிய பாறைகிட்டயே அவுத்துட்டேன். பயந்துட்டேன்டா. உன்கிட்ட சொல்லவே வெட்கமா இருந்துச்சு, சொல்லாம இறங்கிட்டேன்."

பெரிய பாறை. சண்டை போட்டது அதற்குப் பிறகு.

நானும்தான்டா அவுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "பரவாயில்ல விடு. நான் உச்சி வரைக்கும் போயிட்டுத்தான் வந்தேன்" என்று புளுகினான்.

தெரு சும்மா விடுமா? தனியாகச் சிகரம் தொட்ட சூரனுக்கு ஒரு பக்கம் கைதட்டல், நண்பனை நட்டாற்றில் விட்டவனுக்கு இன்னொரு பக்கம் ஏச்சு. அண்ணன் செய்ததற்குத் தலைகுனிந்த தங்கை இவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பந்தலில்கூட அண்ணன் ஓரமாகத்தான் நின்றான். மறுமாதமே கடையை மூடிவிட்டுக் கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிபோனான். ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம். மாப்பிள்ளை வழியனுப்பிவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"என்னங்க, மதில் மேல கயிறு போட்டது நீங்களா? முனையில நம்ம கடை முடிச்சு மாதிரியே இருக்கு."

ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஈரக் கயிறு. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. முனையிலிருந்த வளையத்தை விளையாட்டாக இடுப்பில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் சாய்ந்து இழுத்தாள்.

"கனமா இருக்குங்க. வந்து கொஞ்சம் பிடிங்களேன்."

வாலைச் சுண்டு, அவிழ்த்துடு என்று கத்த வேண்டும். ஏன் என்று கேட்பாளே, மலையில் கயிற்றை அவிழ்த்ததைச் சொல்ல வேண்டி வருமே! திறந்த வாயை மூடிக்கொண்டான்.

கயிறு அசைந்தது. இரண்டு இழுப்பு.

அவள் சிரித்துக்கொண்டே, பதிலுக்கு இரண்டு இழுத்தாள்.

மதிலுக்கு அப்பால் பிறாண்டும் சத்தம். கயிறு விறைத்தது. மதிலின் விளிம்பிலிருந்து அவள் இடுப்பை நோக்கி, கயிறு நெடுக, வெள்ளையாகப் பனி பூத்துக்கொண்டே வந்தது.